பெலிக்கன் ஹோட்டலும் என் கணவரும்

அஜ்மான்
3 ஜூலை 1987, வெள்ளி

ஏசி மறுபடி ஒழுகுகிறது. கீழே வாளி வைத்திருக்கிறேன். இவர் சோபாவில் சாய்ந்து அந்த வாளியைப் பார்த்துக்கொண்டே, பெலிக்கனில் ஏசியே தேவைப்படாது, கடல் காற்றே போதும் என்றார்.

பெலிக்கனில் நாங்கள் குடியிருந்த அறைக்குக் கடல் காற்று வந்ததே இல்லை. சலவைக் கூடத்து நீராவிதான் வந்தது. அதை யார் எடுத்துச் சொல்வது? பத்து வருஷமாக இந்த வளைகுடாவில் எந்தத் தமிழ் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் பாயாசத்துக்கு முன்னால் மொம்பாசா வந்துவிடும். "நான் மொம்பாசாவில ஒரு பீச் ஹோட்டல் நடத்தினனான்" என்று தொடங்குவார். நடத்தினாராம். உதவிக் கணக்காளர். குளிர் அறைக்கும் குசினிக்கும் நடுவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, எந்நேரமும் மீன் வாசம். அது நடத்துவது என்றால், நேர்ஸாகப் பழகிய நானும் கொழும்புப் பெரியாஸ்பத்திரியை நடத்தியவள்தான்.

பக்கத்து ஃபிளாட் ஜுலைஹா பீவிக்கு இந்தக் கதை முழுவதும் மனப்பாடம். காயல்பட்டினத்துக்காரி, வாய் கொஞ்சம் காரம். மத்தியானம் பிரியாணி கொண்டுவந்தவள் கதவில் நின்றபடியே கேட்டாள்: "என்னக்கா, மொம்பாசா எந்திரிச்சிட்டாஹளா?"

இவருக்குக் கேட்டிருக்கும். கேட்காத மாதிரிப் பேப்பரைத் திருப்பினார்.

9 ஜூலை, வியாழன்

இன்று டிக்கெட்டோடு வந்தார்.

துபாயிலிருந்து காரில் வந்து சேர்ந்ததும் சேர்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் கிடப்பதுதான் இந்த வருஷத்து வழக்கம். இன்று டையைக்கூடத் தளர்த்தாமல் மேசையில் மூன்று டிக்கெட்டை விரித்துவைத்தார். ஹஜ்ஜுப் பெருநாள் லீவோடு சேர்த்து ஒரு கிழமை, முழு ஏழு நாள். நைரோபி வரை விமானம், பிறகு ரயில், பிறகு பெலிக்கன். விருந்தாளிகளாக! கடலைப் பார்த்த அறை.

"எங்கட கலியாண நாள் வருகுதெல்லோ" என்றார்.

கலியாண நாள் ஆவணியில். ஆடியில் கலியாண நாள் கொண்டாடும் முதல் யாழ்ப்பாணத்தவர் இவராகத்தான் இருக்கும். ஆனாலும் மறுக்கவில்லை. இவர் முகத்தில் ஒரு வெளிச்சம். எத்தனையோ மாதமாகப் பார்க்காதது. எதற்கு ஊதி அணைப்பானேன்?

நளினியிடம் சொன்னோம். பதினாலு வயது, பிறந்தது மொம்பாசாவில், நினைவிருப்பது ஒன்றுமில்லை. "பூல் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றதும் "ஓகே" என்று வாக்மேனைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டாள்.

12 ஜூலை

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் மேட்ரன் லீவு தந்துவிட்டா. மொம்பாசா என்றதும் "லக்கி கேர்ள்" என்றா. நாற்பத்தொரு வயதில் கேர்ள்.

லக்கி. எனக்கு நினைவில் இருக்கும் பெலிக்கனை எழுதிவைக்கிறேன், இவருடைய பெலிக்கனோடு கலந்துபோகாமல். ஊழியர் குடும்பங்கள் பகலில் கடற்கரைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு பலகை. கடல் கூப்பிடு தூரத்தில். நான் அதைப் பார்த்தது பெரும்பாலும் பொழுதுபட்ட பிறகு. அந்த நாட்டில் என் நேர்ஸ் சான்றிதழ் செல்லவில்லை. ஆறு வருஷம் சலவைக் கூடத்துக்குப் பின்னால் அரிசி களைந்தேன். ஒரே ஒரு உத்தியோகம் கிடைத்தது, சம்பளமில்லாதது: கிழமைக்கு ஒருமுறை வரும் டொக்டர் எழுதிவைத்துப் போகும் ஊசிகளைத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் போடுவது. என்னைக் கண்டாலே குழந்தைகள் பனைமரத்துக்குப் பின்னால் ஒளியும். "மாமா சிந்தானோ" என்று பெயர். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா, சிந்தானோ என்றால் ஊசி. ஊருக்கு எழுதியபோது என் தங்கை, ஆர் அந்த மாமா என்று கேட்டு மறுகடிதம் போட்டாள்.

30 ஜூலை, வியாழன்

நேற்றுக் கொழும்பில் இந்தியாவோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. சண்டை முடிந்ததாம். அஜ்மானில் இருக்கும் நம்மவர் எல்லாரும் வீட்டுக்கு வீடு லட்டு கொடுத்தார்கள். இவர் இரண்டு எடுத்தார். "பாத்தீரே, எல்லாப் பக்கமும் கதவு திறக்குது" என்றார்.

எல்லாப் பக்கமும் என்றால்? கேட்டேன். சிரித்தார்.

மொம்பாசா
6 ஆகஸ்ட், வியாழன்

விடியற்காலை ரயில் தீவுக்குள் வந்தது. ஸ்டேஷனிலிருந்து டாக்சி. முன்பு மிதவைப் பாலத்தில் கார் ஏறினால் பாலமே அசையும். இப்போது பெரிய கொங்கிரீட் பாலம். இவர் டாக்சிக்காரனுக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் பிழையான வழி. அவன் "யெஸ் சார், யெஸ் சார்" என்றபடி தனக்குத் தெரிந்த வழியில் கொண்டுவந்து சேர்த்தான்.

வரவேற்பு மேசையில் ஒரு பெண் இளநீரை நீட்டி, மொம்பாசாவுக்கு முதல்தடவையா என்று இவரைக் கேட்டுவிட்டாள். பாவம். பின்னால் ஒரு பஸ் நிறைய ஜெர்மன்காரர் சூட்கேஸோடு வரிசையில் நிற்க, இவர் ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தொன்றிலிருந்து தொடங்கினார். அவள் நல்ல பிள்ளை. சாவியைக் கையில் திணித்து அனுப்பிவைத்தாள்.

முகப்பு மண்டபத்தில் அதே பாடம்பண்ணிய பெலிக்கன் பறவை நிற்கிறது. ஒரு கண் விழுந்துவிட்டது. கழுத்தில் பூச்சி அரித்த தழும்பு. இவர் அதன் முதுகைத் தடவி, "எப்பிடி இருக்கிறாய்?" என்று தமிழில் கேட்டார்.

"அம்மா, திஸ் இஸ் இட்?" என்றாள் நளினி.

அறை நன்றாக இருக்கிறது. கடல் தெரிகிறது. ஏசியும் இருக்கிறது, ஒழுகுகிறது. இவர் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். 

7 ஆகஸ்ட், வெள்ளி

விருந்தாளியாக இருப்பது எப்படி என்று கற்றுக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளைக்காரர் விடியுமுன் எழும்பித் தங்கள் துவாயை விரித்து நல்ல இடமெல்லாம் பிடித்துவிடுகிறார்கள். பிறகு போய்ப் படுத்துத் தூங்குகிறார்கள். பத்து மணிக்குத் திரும்பி வந்து கருவாடு மாதிரிக் காய்கிறார்கள். ஒரு பக்கம் சிவந்ததும் மறுபக்கம். இதற்குப் பணம் கட்டி வந்திருக்கிறார்கள். நானும் இருந்து பார்த்தேன். பத்து நிமிஷத்தில் அலுத்துவிட்டது, எறும்பும் கடித்தது. இதற்குள் வரமுடியவில்லை என்றா ஆறு வருஷம் பொருமினேன்? பொருமினேன்தான். இனிப் பொரும ஒன்றுமில்லாதது ஒரு நட்டம் போல இருக்கிறது.

மத்தியானச் சாப்பாட்டில் ஒரு பகிடி. சூப் கொண்டுவந்த வெயிட்டர், நல்ல உயரமான ஆள், என் முகத்தைப் பார்த்தார், கிண்ணத்தை வைத்தார், மறுபடி பார்த்தார். பிறகு ஒரு கை தானாக இடுப்புக்குக் கீழே போய்த் தடவிக்கொண்டது. "மாமா சிந்தானோ?" என்றார்.

கரிசா. சலவைக்காரர் மகன். நான் ஊசி போட்டபோது என் கையைக் கடித்தவன். இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள். குசினியிலிருந்து இன்னும் மூன்று பேரைக் கூட்டிவந்து காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள், எல்லாரும் ஒரு அடி தள்ளியே நின்றார்கள்.

இவரும் எழுந்து நின்று கையை நீட்டினார், தன் முறைக்கு. அவர்கள் யோசித்தார்கள். பிறகு ஒரு வயதான சமையல்காரர் "ஆ… ப்வானா கிளாசி" என்றார். கண்ணாடித் துரை. மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். உடைந்த டம்ளருக்கெல்லாம் சம்பளத்தில் பிடிப்பாரே, அந்தப் பெயர். எனக்கு அந்தக் காலத்திலேயே தெரியும். இவருக்கு இன்றுதான் தெரிந்தது. நளினிக்கும்.

"கிளாசி அப்பா" என்று பிற்பகல் முழுவதும் அழைத்தாள். நான் அதட்டினேன். அதட்டும்போதும் சிரிப்பு வந்துவிட்டது.

8 ஆகஸ்ட், சனி

இதை எப்படி எழுதுவது?

இங்கே இப்போது மனேஜர் முவாங்கி. எங்கள் காலத்தில் இவருக்குக் கீழே கிளார்க்காக இருந்தவர். எழுபத்தேழில், இந்த வேலை இனி உள்நாட்டவருக்குத்தான் என்று சொல்லி இவருடைய கதிரையை அவருக்குக் கொடுத்தார்கள். "நானாத்தான் விட்டிட்டு வந்தனான்" என்பது வளைகுடாவில் வழங்கும் கதை.

இன்று இரவுச் சாப்பாட்டுக்கு முவாங்கி எங்களைத் தன் மேசைக்கு அழைத்தார். நல்ல மரியாதை. நளினியின் படிப்பைக் கேட்டார், என் வேலையைக் கேட்டார். சாப்பாடு வந்தது, பெரிய பெரிய இறால். இவர் சஃபாரி சூட் போட்டிருந்தார். நாப்கினை மடித்துவைத்துவிட்டு ஹோட்டலில் என்னென்ன பிழை என்று சொல்லத் தொடங்கினார். ஏசி ஒழுகுகிறது, பறவைக்குக் கண் இல்லை, காலைச் சாப்பாட்டில் பப்பாசி பழுக்கவில்லை. நான் மேசைக்குக் கீழே காலை மிதித்தேன். பிழையான கால். முவாங்கி என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் இவர் அதைச் சொன்னார். ஆங்கிலத்தில், வெகு சாதாரணமாக. "நான் இனி உங்களுக்கு உதவியாக இருக்கலாம். துபாய் வேலையை ராஜினாமாச் செய்துவிட்டேன்."

என்னிடம் சொல்லவில்லை. இறாலுக்குச் சொன்னார்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேனா, கையிலேயே வைத்திருந்தேனா தெரியாது. நளினி காதிலிருந்ததைக் கழற்றிவிட்டாள். முவாங்கி தன் தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"மிஸ்டர் மகேசன், வெளிநாட்டவர் ஒருவரை எடுப்பதென்றால், அந்த வேலையைச் செய்ய இந்த நாட்டில் ஆளில்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அது நானே பல வருஷம் செய்த வேலை."

குரலில் ஒரு கடுமையும் இல்லை. அதுதான் இன்னும் மோசம். இவர் "ஒஃப் கோர்ஸ், ஒஃப் கோர்ஸ்" என்றார். பிறகு இனிப்பு வந்தது. மற்ற மூன்று பேரும் சாப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை.

9 ஆகஸ்ட், ஞாயிறு

கடற்கரையில் நடந்தோம். நளினியைப் பூலில் விட்டுவிட்டு வந்தேன். கத்துவதென்றால் கத்தலாம் என்று.

முதலில் கத்தவும் செய்தேன். விசாவைப் பற்றி. நான் சுகாதார அமைச்சு விசாவில் இருக்கிறேன், எனக்குப் பிரச்சினை இல்லை. நளினி இவருடைய விசாவில் இருக்கிறாள். இவர் விசா போனால் அவள் விசாவும் போய்விடும். பள்ளிக்கூடம்? பிள்ளையைக் கேட்டாரா? என்னைக் கேட்டாரா? வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி தன் துவாயை எடுத்துக்கொண்டு தள்ளிப்போனாள்.

இவர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல மெல்ல வந்தது. முதலாளியின் மகன் படித்து முடித்து வந்து கம்பெனியைக் கையில் எடுத்தானாம். கணக்குக்குக் கம்ப்யூட்டர் வந்ததாம். இவரை அல் கூஸ் பக்கத்து ஸ்டோருக்கு அனுப்பினார்களாம், பைப் எண்ண. மாசி மாதத்திலிருந்து. காலையில் தேரா அலுவலகத்துக்குப் போகிறவர் மாதிரி டை கட்டிக்கொண்டு புறப்பட்டு, தகரக் கொட்டகையில் போய் பைப் எண்ணியிருக்கிறார். நான் தோய்த்து அயர்ன் பண்ணின சேர்ட்டில் துருக்கறை இருந்ததே. அது எதனால் என்று நான் யோசிக்கவேயில்லை.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமெல்லோ."

"என்னெண்டு சொல்லுறது? நீர் வந்து, டொக்டர் என்னைக் கேட்டார், மேட்ரன் என்னைக் கேட்டா எண்டு சொல்லுவீர். என்னை அங்க ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை, சரோஜா."

எனக்கு உடனே ஒரு பதில் வாயில் வந்தது, நல்ல உறைப்பான பதில். விழுங்கிவிட்டேன். கலியாணம் ஆன காலத்திலிருந்து நான் விழுங்கின முதல் பதில் இதுவாகத்தான் இருக்கும்.

கொஞ்ச தூரம் நடந்தபின், "உது கேக்கிறதுக்கு இறால் வரைக்கும் வரவேணுமோ?" என்றேன். ஆக முழுவதையும் விழுங்கவில்லை. இவர் சிரித்தாரா, மூக்கை உறிஞ்சினாரா, காற்றில் தெரியவில்லை.

கோபம் ஆறவில்லை. எழுதும்போதும் பேனா தாளைக் கிழிக்கிறது.

11 ஆகஸ்ட்

நளினி நீந்தப் பழகிவிட்டாள். கரிசா தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிவந்து என்னிடம் காட்டினான். சின்னது என்னைக் கண்டதும் அழுதது. நான் வெறுங்கையை விரித்துக் காட்டினேன், நம்பவில்லை.

12 ஆகஸ்ட், புதன்

புறப்பட்டோம். முவாங்கி வாசல்வரை வந்து இவர் கையைக் குலுக்கினார். மூன்று இரவுக்குரிய பணத்தைக் கழித்திருந்தார். இவர் வேண்டாம் என்றார். நான் நன்றி என்றேன். ஒருத்தராவது இந்தக் குடும்பத்தில் நிதானமாக இருக்க வேண்டாமா?

அஜ்மான்
20 ஆகஸ்ட், வியாழன்

ராஜினாமாவைத் திருப்பிக் கேட்டுப் போனார். முடியாது என்றானாம் சின்ன முதலாளி, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆனால் ஸ்டாக் கணக்கு முடியும்வரை, அக்டோபர் கடைசி மட்டும், இருக்கலாமாம். ஆக பைப் எண்ணுவதற்கு இன்னும் இவர் தேவை.

ஒரு வித்தியாசம்: இன்று டை கட்டாமல் போனார்.

ஜுலைஹா வந்து "எப்படிக்கா இருந்துச்சு ஹோட்டலு?" என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேலி பண்ணாமல் போனாள். அவள் கேலி பண்ணாமல் போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

18 செப்டம்பர், வெள்ளி

தேராவில் தெரிந்த கடை, தெரியாத கம்பெனி எல்லாம் ஏறி இறங்குகிறார். எண்ணெய் விலை விழுந்ததிலிருந்து இருப்பவர்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஜுலைஹாவின் கணவர் கௌஸ் முகைதீன் தன் மசாலாக் கடையில் மாலை நேரம் வந்து உட்காரச் சொன்னார். நல்ல மனுஷன். விசா போடத்தான் அவருக்கு வழியில்லை. அவரே இன்னொருவர் பேரில் இருப்பவர்.

இவர் இப்போது ஊர் பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டார். ஒப்பந்தம் வந்துவிட்டது, நளினியைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விடலாம், நீர் இங்கே இருந்து உழையும் என்கிறார். நளினி, "அங்க என்னால தமிழ்ல எக்ஸாம் எழுத ஏலாது அப்பா" என்றாள். தமிழில்தான் சொன்னாள், பெரும்பாலும்.

11 அக்டோபர், ஞாயிறு

யாழ்ப்பாணத்தில் மறுபடி சண்டை. இம்முறை இந்திய ராணுவத்தோடு. பிபிசி கேட்டோம். போன் போகவில்லை. தங்கை வீட்டுப் பக்கம் ஷெல் விழுகிறதாம். யாரோ சொன்னது, யாருக்கோ யாரோ சொன்னது.

ஊருக்குப் போவது பற்றி இவர் இனிப் பேசமாட்டார். லட்டுக் கொடுத்தவர்கள் யாரும் வெளியில் வரவில்லை.

16 அக்டோபர், வெள்ளி

இன்னும் செய்தி இல்லை. வேலையில் கை ஓடுகிறது, மனம் ஓடவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் விசா வேலைகளைப் பார்க்கும் மக்தூமிடம் கேட்டேன். நேர்ஸ்மாருக்கு விசேஷ அனுமதி வாங்கலாமாம். நானே கணவனுக்கும் பிள்ளைக்கும் கஃபீலாக நிற்கலாமாம். உள்ளூரில் ஒருவர் பொறுப்பு நின்றால்தான் விசா. அந்தப் பொறுப்பாளி பெண்டாட்டியாகவும் இருக்கலாம் என்பது எனக்கே புதிது. ஆனால் இவர் வேலை செய்ய முடியாது, பாஸ்போர்ட்டில் அப்படியே அடிப்பார்கள் என்றான். சொல்லும்போது கொஞ்சம் கூச்சப்பட்டான், எனக்காக.

வீட்டில் சொன்னேன். எழும்பி நின்றுவிட்டார்.

"மனுசியின்ர பேரில இருக்கிறதுக்கு நான் என்ன கைக்குழந்தையோ?"

"கைக்குழந்தை எண்டா மொம்பாசாவுக்கு டிக்கெட்டாவது குறைஞ்சிருக்கும்."

சொல்லியிருக்கக் கூடாது. அன்று விழுங்கியதை இன்று கக்கிவிட்டேன்.

19 அக்டோபர்

பேச்சில்லை. நளினி தூது போகிறாள். "அம்மா சேஸ் சாப்பாடு ரெடி." "அப்பா சேஸ் பசிக்கேல்லை."

23 அக்டோபர், வெள்ளி

இன்று நடந்தது. ஜுலைஹா மீன் குழம்போடு வந்தாள். அவளிடம் நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்; சொல்லாமல் யாரிடம் சொல்வது. இவர் வழக்கம் போலப் பேப்பருக்குப் பின்னால். அவள் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பேப்பருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"எங்க வீட்டாஹ இருவது வருசமா யாரோ ஒரு அரபி பேர்லதான் இருக்காஹ. அந்த ஆள் மூஞ்சியை நான் பார்த்ததுகூட இல்ல. ஊரான் பேர்ல இருக்கலாமாம், கட்டுன பொண்டாட்டி பேர்ல இருக்கப்படாதாமா? மீசையா உதுந்துரும்?"

சொல்லிவிட்டுக் கிண்ணத்தை நாளைக்குத் தந்தால் போதும் என்று போய்விட்டாள்.

பேப்பர் அசையவில்லை. பக்கமும் திரும்பவில்லை. நான் குசினிக்குப் போய்ச் சோறு போட்டேன். பிறகு வந்து சொன்னேன். இதைச் சொல்ல நான் ஒத்திகை பார்த்திருந்தேன், ஆனால் ஒத்திகை பார்த்த மாதிரி வரவில்லை. 

"நான் உங்களிட்டைக் கேக்கேல்லை. சொல்லுறன். ஞாயிற்றுக்கிழமை மனுக் குடுக்கிறன். பிள்ளை இஞ்சதான் படிப்பாள். நீங்களும் இஞ்சதான் இருப்பியள். எனக்கு நீங்கள் வேணும். டை கட்டின நீங்களோ கட்டாத நீங்களோ, அது உங்கட இஷ்டம்."

இவர் பேப்பரை மடித்தார். மீன் குழம்பு நல்ல உறைப்பு. மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். இவர் கண் கலங்கியிருந்தது. உறைப்பினால் என்றார்.

24 அக்டோபர்

காலையில் எழும்பினபோது என் ஆஸ்பத்திரிப் பையின் மேல் இவர் பாஸ்போர்ட்டும் நளினியின் பாஸ்போர்ட்டும் இருந்தன. இவர் அதற்குள் போய்விட்டார்.

3 நவம்பர், செவ்வாய்

தங்கையிடமிருந்து கொழும்பு வழியாகத் தகவல்: உயிரோடு இருக்கிறார்கள். வீடு இல்லை. பிள்ளைகளோடு கோயிலில் இருக்கிறார்களாம்.

டியூட்டி ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மேட்ரன் தட்டினா. முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போனேன். மத்தியானம் கீழே வந்தால் இவர் ஆஸ்பத்திரி வாசலில் காருடன் நிற்கிறார். யார் சொன்னது? மேட்ரன் ஜுலைஹாவுக்குப் போன், ஜுலைஹா கௌஸ் முகைதீன் கடைக்குப் போன்; ஸ்டோர் வேலை முடிந்ததிலிருந்து இவர் பகலிலும் அங்கேதான். வீட்டுக்கு வரும்வரை இவர் ஒன்றும் சொல்லவில்லை. மொம்பாசாவும் சொல்லவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது.

24 நவம்பர், செவ்வாய்

இன்று குடிவரவு அலுவலகம். அனுமதி வந்துவிட்டது, முத்திரை குத்துவதற்கு இருவரும் நேரில் வரவேண்டும் என்றார்கள்.

கூடம் நிறையப் பட்டாணியர், மலையாளிகள், பிலிப்பினோப் பெண்கள். ஒரே தள்ளுமுள்ளு. இவர் வெள்ளைச் சேர்ட் போட்டு, தலையைப் படிய வாரி, கலியாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி வந்தார். எங்கள் முறை வந்தது. அதிகாரி இளைஞன். பாஸ்போர்ட்டைப் புரட்டினான், இவரைப் பார்த்தான், ஹிந்தியில் கேட்டான்:

"கஃபீல் கோன்?"

உன் பொறுப்பாளி யார். இவர் தொண்டையைச் செருமினார். மெல்ல ஏதோ சொன்னார். அதிகாரிக்குக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. நான் முந்திக்கொண்டு சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. பேசாமல் நின்றேன்.

அவன் மறுபடி கேட்டான். இவர் என் பக்கம் கையைக் காட்டி, தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னார், கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது: "மேரா பீவி."

பின்னால் நின்ற பட்டாணியர் ஒருவர், தாடியெல்லாம் மருதாணிச் சிவப்பு, குனிந்து இவர் காதருகே திருத்தினார். "மேரி, பாய் சாப். மேரி பீவி." பீவி என்றால் பெண்டாட்டி; பெண்ணுக்கு 'என்' என்பது மேரா ஆகாது, மேரிதான்.

வரிசையில் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துக்கொண்டே குத்தினான். இரண்டு பாஸ்போர்ட், இரண்டு முத்திரை. இவருடையதில் வேலை செய்ய அனுமதி இல்லை என்று கீழே ஒரு வரி. அதை இவர் நின்று ஒருமுறை வாசித்தார். பிறகு பாஸ்போர்ட்டை மூடி என்னிடமே தந்தார், வைத்துக்கொள்ள.

வெளியில் வெயில் பரவாயில்லை, நவம்பர்தானே. காருக்குள் ஏறிச் சாவியைப் போட்டவர் திருப்பாமல் இருந்தார். எதற்கும் தயாராக இருந்தேன். கோபத்துக்கும், அழுகைக்கும்.

"மேரி எண்டோ சொல்லவேணும்?" என்றார். "பத்து வருஷமாப் பிழையாச் சொல்லியிருக்கிறன்."

"பரவாயில்லை. இனிச் சரியாச் சொல்லுங்கோ."

காரை எடுத்தார். நளினிக்குப் பள்ளிக்கூடம் விடும் நேரம். இருவரும் சேர்ந்தே கூட்டிவரப் போனோம்.